5. தந்தி முதல் ஸ்பீக்கர் வரை

வீட்டில் தனியாக வாசிக்கும்போது கனமாகக் கேட்ட பேஸ், பேண்டோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடும். பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்த எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கும். எனக்கும் நேர்ந்தது. முதல் ஒத்திகையில் ஆம்பின் ‘பேஸ்’ குமிழைக் கடைசி வரை திருப்பினேன். தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. ஆனால் நான் என்ன ஸ்வரம் வாசிக்கிறேன் என்று மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த டிரம்மருக்கே தெரியவில்லை. “சத்தம் வருதுடா, நோட்டு வரல” என்றார். அந்த நான்கு சொற்களுக்குள் இந்த அத்தியாயம் முழுக்க அடங்கியிருக்கிறது.

நான்கு தந்தி பேஸில் தடித்த தந்தியான ஈ, நொடிக்கு 41 முறை அதிர்கிறது. மற்ற மூன்றும் முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸ். இவ்வளவு கீழே நம் காது மந்தம். அதே வட்டாரத்தில்தான் கிக் டிரம்மும் குடியிருக்கிறது. ஆனால் ஒரு தந்தி ஓர் அதிர்வோடு நிற்பதில்லை. 41-ஓடு 82, 123, 165 என்று அடுக்கடுக்காக மேல் அதிர்வுகளும் பிறக்கின்றன. அந்த அடுக்கைக் கேட்டால் போதும், அடியில் இருக்கும் ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் அறவே வராது. இருந்தும் அதில் இளையராஜா பாட்டு ஓடினால் பேஸ் போகும் வழியை நம்மால் கூடவே முணுமுணுக்க முடிகிறதே, அது இதனால்தான். ராக் மேடையில் இரண்டு கிட்டார்களும் சிம்பல்களும் முழங்கும்போது பேஸைக் காப்பாற்றுவது 200-லிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரையான நடுப்பகுதி. சாதனம் வாங்கும்போது அந்த நடுப்பகுதிக்கு அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

எந்தக் கிட்டார்?

1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் இன்றைக்கும் எல்லோரும் திரும்பி வரும் வடிவம். ஆளுயர டபுள் பேஸில் விரலைச் சரியான இடத்தில் வைக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இதில் ஃபிரெட் இருந்தது, துல்லியம் தானாக வந்தது, பெயரும் அதனால் வந்தது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம். அந்த அளவே பின்னால் வந்த பெரும்பாலான பேஸ்களுக்கும் இலக்கணமாகிவிட்டது. 1957-இல் இதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு இரண்டு தந்தி வீதம் பங்கிட்டார்கள். ஒரு பாதியின் மின் இரைச்சலை மறுபாதி அடித்துவிடும். நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் அது உட்கார்ந்திருக்கும் இடம் இருக்கிறதே, அங்கேதான் நான் சொன்ன நடுப்பகுதி நிறைய விளைகிறது. முதல் பேஸ் வாங்குபவருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவும் இல்லை.

1960-இல் வந்த ஜாஸ் பேஸின் நெக் நட் பக்கம் மெலிந்தது. சிறிய கைக்கு இதம். பிக்கப்புகள் இரண்டு. பிரிட்ஜ் பக்கம் இருப்பதைக் கூட்டினால் குரல் மூக்கால் பேசுவதுபோல் கூராகும், நெக் பக்கம் கூட்டினால் உருண்டு தடிக்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கும். தனியே கேட்க அந்த ஓசை அழகாக இருக்கும், பேண்டுக்குள் முதலில் மூழ்குவதும் அதுதான். ஏதாவது ஒன்றைக் கால் சுற்று குறைத்துப் பாருங்கள், மேலே வந்துவிடும். ரஷ் குழுவின் கெடி லீ பல ஆண்டுகள் வாசித்த 1972-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ், மிச்சிகனின் கலமஸூ நகரில் ஓர் அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கியது. பழைய கிட்டார் வாங்கத் தயங்குபவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம்.

ரிக்கன்பேக்கர் 4001-ஐப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர், தொடக்க கால கெடி லீ, 1983-இல் மெட்டாலிகாவின் முதல் இசைத்தட்டில் கிளிஃப் பர்ட்டன் என்று ஆளுக்கொரு வழியில் அதை உறும வைத்தார்கள். அந்த உலோகக் கணகணப்பு வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் விலை அதிகம். முதல் பேஸாக வேண்டாம். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் கொண்டது. விரலால் விளாசி வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். நீளம் குறைந்த, 30 அங்குல வகைகளும் உண்டு. பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் அந்த இனம். சிறுவர்களுக்கும் தோள் வலி உள்ளவர்களுக்கும் அதைத் தயங்காமல் சொல்வேன். ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். உங்கள் கிட்டாரிஸ்ட் சுருதியை இறக்கி மெட்டல் வாசிக்கிறாரா? அப்படியானால் வாங்குங்கள். இல்லையென்றால் நான்கு போதும்.

கடையில் ஆம்பில் சொருகும் முன் பேஸைத் தோளில் மாட்டி இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்ந்தால், இரண்டு மணி நேரக் கச்சேரி முழுக்க இடது கை அதைத் தாங்கிக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். சராசரி பேஸ் நான்கு கிலோவுக்குக் குறையாது. மூன்று அங்குல அகலப் பட்டை வாங்குங்கள். இரண்டு அங்குலப் பட்டை தோளை அறுக்கும்.

தந்தி

புதியவர்கள் பெடலுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தந்திக்குச் செலவழிப்பதில்லை. ஓசை பிறக்கும் இடமே அதுதான்.

1960-களின் தொடக்கம் வரை பேஸ் என்றாலே தட்டைச் சுற்றுத் தந்தி. நடுக்கம்பியின்மேல் பட்டையான நாடா சுற்றியிருக்கும். கைக்கு வழவழப்பு, ஓசைக்கு மழுமழுப்பு. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலுக்கு அது போதவில்லை. பியானோவின் கீழ்க்கம்பி போலக் கணீரென்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்படி ஒலித்த ஒரு பேஸில் தந்தி அறுந்தபோது தனித் தந்தி கடையில் கிடைக்காமல், தந்திக்காகவே இன்னொரு கிட்டாரை வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அவர் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து சரிசெய்த வட்டச் சுற்றுத் தந்திதான் ராக் பேஸின் குரலை மாற்றியது. வட்டக் கம்பி சுற்றிய தந்தியில் மேல் அதிர்வுகள் நிறைய. ஸ்வரம் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

அதனால் தட்டைத் தந்தி ராக்குக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் பிரிசிஷன் பேஸில் தட்டைத் தந்திதான் கட்டுகிறார். அந்தக் குதிரைப் பாய்ச்சல் ஓசையில் தடதடக்கும் மேல் பகுதி, தந்தி ஃபிரெட்டில் அடிபடும்படி அவர் விரல் பாய்கிற வேகத்தில் பிறக்கிறது. தந்தியின் குறையை விரல் ஈடுகட்டும், விரலின் குறையைத் தந்தி ஈடுகட்டும். தொடக்கக்காரருக்கு நிக்கல் வட்டச் சுற்று, 45-இலிருந்து 105 வரையான தடிமன். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

சென்னை வெயிலில் வாசிப்பவருக்கு வேர்வைதான் தந்தியின் எமன். வட்டச் சுற்றின் இடுக்கில் உப்பும் அழுக்கும் இறங்கினால் மூன்றே வாரத்தில் கணீர் செத்துவிடும். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடையுங்கள். அடியில் துடைக்கத்தான் எல்லோரும் மறப்பார்கள், அழுக்கு நிற்பதும் அங்கேதான். பழைய தந்தியை வெந்நீரில் கொதிக்கவிட்டுத் துடைத்துக் கட்டும் வழக்கம் ஒன்று உண்டு. கையில் காசில்லாத காலத்தில் நானும் செய்திருக்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

தந்தி கட்டுவதில் ஒரு நுட்பம். புதுத் தந்தியைப் பிரிட்ஜில் கோத்து, அதற்குரிய பிருடை வரை இழுத்து, அதையும் தாண்டி நான்கு விரற்கடை விட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் முதலில் செங்குத்தாக மடியுங்கள். மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியின்மேல் தளர்ந்து, தந்தி முழுதும் ஊமையாகிவிடும். நுனியைப் பிருடைத் தண்டின் நடுத்துளையில் இறக்கி, இரண்டு மூன்று சுற்றுகள் மேலிருந்து கீழாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். பிறகு பிரிட்ஜ் குதிரையின் முன்பக்கம் தந்தியைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிடுங்கள். வளைந்து நின்ற தந்தி அங்கே நேராகும். சுருதி நிற்காத பாதிப் பேருக்கு இந்த ஓர் அழுத்தலே மருந்து.

ஊர் மாறினால், மழைக்காலம் வந்தால், நெக் மரம் அசையும். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உரசியும் உரசாமலும் போனால் சரி; கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமானால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். முரண்டு பிடித்தால் கைவைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். ட்ரஸ் ராடை உடைத்தவருக்கு நெக் திரும்பக் கிடைக்காது. அடுத்தது பன்னிரண்டாம் ஃபிரெட். அங்கே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையைப் பின்னால் தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னால்.

ஆம்பும் பெட்டியும்

1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி, ராக் பேஸ் ஆம்புகளின் மூதாதை. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைக் கொண்டுபோனார்கள். வால்வுகளில் ஓடும் 300 வாட்; தலைப்பகுதி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. அதனோடு பேர்போன பெட்டி, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட நெஞ்சுயர அடைப்புப் பெட்டி, இன்னும் 60 கிலோவுக்கு மேல். இந்தப் பெட்டி எழுப்பும் அடிவயிற்று அதிர்வைக் கேட்டவர்கள், பூமிக்கு அடியில் இருக்கும் ஒலியையெல்லாம் அது கொண்டுவருகிறது என்றுதான் நினைப்பார்கள். அதன் பிற்கால வடிவத்துக்கு நிறுவனம் தரும் விவரக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40-இல் 10 டெசிபல். அதாவது ஈ தந்தியின் அடி அதிர்வை அது பாதிகூடத் தருவதில்லை. அந்தப் பெட்டியின் அத்தனை புகழும் நடுப்பகுதியை இறுக்கமாகத் தள்ளித் தருவதால் வந்தது.

மோட்டர்ஹெட்டின் லெம்மி இன்னும் ஒரு படி மேலே போனார். ரிக்கன்பேக்கரை மார்ஷல் சூப்பர் பேஸ் ஆம்பில் சொருகி, மிட் குமிழை முழுதாகத் திறந்து, பேஸையும் ட்ரெபிளையும் அடக்கிவைத்தார். மூன்றே பேர் கொண்ட குழுவில் இரண்டாவது கிட்டார் இல்லாத குறையே தெரியாமல் போனது அதனால்தான். அவரைப் போல வைக்கச் சொல்லவில்லை. எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்தி, மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, பேண்டோடு வாசித்து, அதற்குப் பிறகு மாற்றுங்கள். தனியாக வாசித்து வைத்த அளவு மேடையில் உதவாது.

வாட் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 150 வாட்டை 300 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. எனவே ஆம்பை மாற்றுவதற்குப் பதில் இரண்டாவது பெட்டி சேர்ப்பது நல்லது. காற்றைத் தள்ளும் பரப்பு கூடும். ஆனால் ஓம் கணக்கைப் பார்க்க வேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஆம்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே இறங்கினால் ஆம்ப் வெந்துவிடும். வால்வு ஆம்பாக இருந்தால் பெட்டியே இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது. பெட்டிக்குப் போகும் வயரும் கிட்டார் வயரும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு. ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைச் சொருகாதீர்கள். அவ்வளவு மின்சாரத்துக்கு அது தாங்காது, சூடேறும்.

இன்றைக்கு டி வகுப்பு ஆம்ப்கள் இரண்டு மூன்று கிலோவில் 300, 500 வாட் தருகின்றன. பேருந்தில் ஒத்திகைக்குப் போகிறவருக்கு இது பெரிய வரம். தலையை இலேசாகவும் பெட்டியை நல்லதாகவும் வாங்குங்கள்.

காலடியில்

முதலில் ட்யூனர் பெடல். அமுக்கினால் ஒலியையும் நிறுத்திவிடும். பாட்டுகளுக்கிடையே சுருதி சேர்ப்பது சபைக்குக் கேட்காது. அடுத்து கம்ப்ரஸர், வேண்டுமானால். விரல் விசை சீராகும் வரை அதைத் தள்ளிப்போடுங்கள் என்பது என் கருத்து. அது விரலின் தவறுகளை மூடிவைத்துவிடும்.

டிஸ்டார்ஷன் வாங்கும்போது ‘பிளெண்ட்’ குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாருக்குச் செய்த பல பெடல்கள் பேஸின் அடியை விழுங்கிவிடும். பிளெண்ட் இருந்தால் சுத்தமான ஒலியையும் உறுமலையும் கலந்து கொடுக்கலாம். மியூஸ் குழுவின் கிறிஸ் வோல்ஸ்டன்ஹோம் சுத்தமான பாதை, உறுமும் பாதை என்று ஒலியைப் பிரித்துத்தான் அந்தக் கனத்தைக் கொண்டுவருகிறார்.

பேட்டரி பற்றி ஒன்று. ஸ்டிங்ரே போல உள்ளே ப்ரீஆம்ப் கொண்ட ஆக்டிவ் பேஸில் கேபிளைச் சொருகிய நிமிடமே உள்ளே 9 வோல்ட் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ஒரு கல்லூரி விழாவுக்கு முன் இரண்டு நாள் கேபிளைச் சொருகியபடியே பேஸைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தேன். மூன்றாவது பாட்டில் ஒலி முதலில் மெலிந்தது, பிறகு கரகரத்தது, பிறகு நின்றது. பாட்டு கிட்டாரிலும் டிரம்மிலும் தொடர்ந்தது. அந்த ஆயிரம் பேருக்கு முன் கையில் ஊமைக் கட்டையோடு நின்ற நான்கு நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை. வாசித்து முடித்ததும் கேபிளை உருவுங்கள். பையில் மாற்று பேட்டரியும், அந்த மூடியைத் திறக்கும் சின்ன திருப்புளியும் இருக்கட்டும்.

டிஐ பெட்டி

பெரிய மேடையில் சபைக்குப் போவது உங்கள் ஆம்பின் ஒலி அல்ல. டிஐ என்ற சின்னப் பெட்டி வழியாக உங்கள் பேஸ் நேரே மிக்ஸருக்குப் போகிறது. கிட்டார் கேபிள் ஆறேழு மீட்டருக்குமேல் நீண்டால் பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸின் மேல் ஒலி மங்கும், இரைச்சலும் சேரும். டிஐ அதை மின்தடை குறைந்த சமநிலை ஒலியாக மாற்றி நூறடிக்கு அப்பாலும் சுத்தமாக அனுப்பும். 1990-களில் வந்த சான்ஸ்ஆம்ப் போன்ற பெட்டிகள் டிஐ வேலையோடு வால்வு ஆம்பின் குணத்தையும் சேர்த்துத் தந்தன. ஆம்பே தேவையில்லை என்ற நிலை வந்தது. கெடி லீயின் மேடையில் ஆம்ப் இருந்த இடம் காலியாகிவிட, 2002 சுற்றுப்பயணத்தில் அங்கே துணி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவைத்தார். ஓடிக்கொண்டே இருந்தன, உள்ளே துணி சுழன்றது, பேஸ் மட்டும் நேராக மிக்ஸருக்குப் போனது.

வாடகை ஆம்ப் எந்த நிலையில் வரும் என்று தெரியாத நம் ஊர்களில், கையில் சொந்த டிஐ இருப்பது உங்கள் ஒலி உங்களோடு வருவதற்குச் சமம். பெட்டி ஊமையானாலும் சபைக்குக் கேட்கும். அடுத்த ஆம்பைவிட இதை முதலில் வாங்குங்கள்.

காதும் ஒரு சாதனம்தான். 1976-இல் லண்டன் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ வாசித்தபோது ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. அந்தக் குழுவின் என்ட்விசிலும் பீட் டவுன்ஷெண்டும் பின்னாளில் காது கேளாமல் அவதிப்பட்டார்கள். இசைக்காரருக்கென்று செய்த காதடைப்பான், எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைக்கும். பஞ்சு மேல் ஒலியை மட்டும் அடைத்து உங்களைக் குழப்பும்.

மேடையில் ஒலி சரிபார்க்கும்போது நீள கேபிளோடு மேடையிலிருந்து இறங்கி, பத்தடி தள்ளி சபையின் பக்கம் நில்லுங்கள். ஆம்புக்கு முன்னால் நின்று கேட்பது உங்கள் முழங்கால் கேட்கும் ஒலி. டிரம்மரைக் கிக்கை மட்டும் அடிக்கச் சொல்லி, கூடவே ஈ தந்தியைத் திறந்து வாசியுங்கள். கிக்கின் ‘தும்’ முடியும் இடத்தில் உங்கள் ஸ்வரம் எழுந்து கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குழைந்தால் பேஸ் குமிழைக் கால் பங்கு குறையுங்கள். பிறகு கிட்டாரிஸ்டைச் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். இன்னும் காணவில்லையா? வால்யூமைத் தொடாதீர்கள், மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, மீட்டும் விரலைப் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்துங்கள். அப்போதும் தெளியாவிட்டால் கிட்டாரிஸ்டிடம் போய், அவருடைய ஆம்பின் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.